வெடியுப்பில் குளிர்ந்த கூஜா: அக்பர் காலத்து முறையைச் செய்து பார்த்த பதிவு

அரை லிட்டர் குடிநீர். கூஜாவில் ஊற்றும்போது 31 டிகிரி இருந்தது, இருபது நிமிடத்தில் 18 டிகிரிக்கு வந்துவிட்டது. ஐஸ் போடவில்லை, மின்சாரமும் கிடையாது. பயன்பட்டது உரக்கடையில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டும் வீட்டுத் தண்ணீரும் மட்டும்தான். ஈரோட்டு மே மாதத்தில், வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி காயும் வேளையில், அந்தக் கூஜாவை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. இனி யாராவது செய்து பார்க்க விரும்பினால் உதவட்டும் என்று, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

செய்முறை என்னுடையது அல்ல. அக்பரின் அரசவையைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், அரண்மனைக் குடிநீர்ப் பிரிவைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. வெடிமருந்தில் வெப்பத்தைக் கக்கும் அதே வெடியுப்பை நீரைக் குளிர்விக்கவும் பயன்படுத்தினார்கள் என்கிறது அந்தப் பகுதி. ஒரு சேர் (அக்காலத்து எடையளவு) குடிநீரை வெள்ளீயம் கலந்த உலோகத்தாலோ வெள்ளியாலோ ஆன கூஜாவில் ஊற்றி வாயை மூட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டரை சேர் வெடியுப்பையும் ஐந்து சேர் நீரையும் சேர்த்து, அதற்குள் கூஜாவைக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். ஒரு ரூபாய்க்கு முக்கால் மணங்கு முதல் நான்கு மணங்கு வரை (நாற்பது சேர் ஒரு மணங்கு) வெடியுப்பு கிடைத்தது என்ற விலைக்குறிப்பும் உண்டு. 1586 வாக்கில் அரசவை பஞ்சாப் பக்கம் நகர்ந்த பிறகு வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டி வரத் தொடங்கியது. அதற்கு முன் ஆக்ரா வெயிலில் இந்த உப்புதான் துணை.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். இன்று அது சொட்டுநீர் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த 13:0:45 என்ற உரம். டிரம்மில் கரைக்கும்போது டிரம்மின் வெளிப்பக்கம் வியர்த்துக் கொட்டுவதையும், அடியில் உப்பு கரையாமல் தங்கிவிடுவதையும் உரம் விடுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதைக் கூஜாவில் செய்து பார்த்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

முதலில் சிறிய அளவில் ஒரு சோதனை. தெர்மாகோல் டம்ளர்களில் தலா 100 மில்லி தண்ணீர், 31 டிகிரியில். ஒவ்வொன்றிலும் 30 கிராம் பொருளைப் போட்டு, மரக்குச்சியால் இரண்டு நிமிடம் கலக்கி, எட்டிய கடைசி அளவைக் குறித்தேன். சமையல் உப்பு இரண்டு டிகிரி மட்டுமே இறக்கியது. எப்சம் உப்பு 27 வரை வந்தது. சிவப்புப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, 19 டிகிரி. வெடியுப்பும் யூரியாவும் 16-ஐ ஒட்டி நின்றன. யூரியா உப்பு வகையைச் சேர்ந்ததே அல்ல என்றாலும் குளிர்விப்பதில் சளைத்ததில்லை. எல்லாவற்றையும் முந்தியது நவச்சாரம், 14 டிகிரி. ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான், அமோனியம் குளோரைடு. நாட்டுமருந்துக் கடையில் கட்டியாக வாங்கிப் பொடித்தேன். அமோனியம் நைட்ரேட் இவை எல்லாவற்றையும் விட வலுவாகக் குளிர்விக்கும். ஆனால் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. எனவே அந்தப் பக்கமே போகவில்லை.

எதிர்த்திசையில் ஓடியது கால்சியம் குளோரைடு. அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவுக்குள் இருக்கும் வெள்ளைக் குருணை அதுதான். புதிய டப்பாவிலிருந்து 20 கிராம் போட்டதும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. அதே பொருள், மழைக்காலம் முழுவதும் அலமாரியில் இருந்து கசகசவென்று ஈரமாகிப்போன பழைய டப்பாவிலிருந்து எடுத்தபோது, தண்ணீரைச் சூடாக்கவே இல்லை. இந்த இரண்டு டம்ளர்களும் எனக்குப் பாடப்புத்தகத்தை விடத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தன. உப்பு கரையும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. படிகத்துக்குள் இறுகப் பிணைந்திருக்கும் துகள்களைப் பிரிக்க வெப்பம் செலவாகிறது. பிரிந்த துகள்களைத் தண்ணீர் சூழ்ந்து பற்றிக்கொள்ளும்போது வெப்பம் வெளியாகிறது. செலவு அதிகமானால் தண்ணீர் குளிரும், வரவு அதிகமானால் சூடாகும். உலர்ந்த கால்சியம் குளோரைடில் வரவு மிக அதிகம். காற்றின் ஈரத்தைக் குடித்த குருணையிலோ அந்த வரவு டப்பாவுக்குள்ளேயே முன்கூட்டித் தீர்ந்துபோயிருக்கிறது. வெடியுப்பில் செலவுதான் மிகுதி. 101 கிராம் கரைய ஏறத்தாழ 35 கிலோஜூல் வெப்பத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

நவச்சாரம்தான் அதிகம் குளிர்வித்தது என்றால் அதையே ஏன் எடுக்கவில்லை? எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் ஓர் இரவு நின்ற கரைசல் அடியில் கரும்புள்ளிகளை அரித்துவைத்தது. வெயிலில் காயவைத்தபோது தட்டின் விளிம்பின் மேலேறி, வெளிப்பக்கமாக வழிந்து, மொட்டைமாடித் தரையில் வெள்ளையாகப் பூத்தது. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது, அதனால் லேசான அமோனியா நெடியும் வந்தது. யூரியா விலை மலிவு, 45 கிலோ மூட்டை 267 ரூபாய்க்குள். ஆனால் அந்த விலை மானியத்தால் வருவது, பயிருக்காகக் கொடுப்பது. வேப்பெண்ணெய்ப் பூச்சால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமும் மிதக்கிறது. வெயிலில் காய்ச்சி மறுபடி எடுக்கவும் யூரியா ஒத்துவராது. அரிக்காமல், ஈரம் உறிஞ்சாமல், மறுபடி படிகமாகத் திரும்பி வருவது வெடியுப்பு. ஆக்ராவில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு, வெடிமருந்துக்காகக் கையிருப்பில் இருந்தது என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பொருட்களும் செலவும். 13:0:45 ஒரு கிலோ பாக்கெட் 190 ரூபாய் வீதம் இரண்டு. குத்தி அளக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 350. ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு வீட்டில் இருந்தது. மருந்துக்கடையில் ஊசிமருந்து வந்த தெர்மாகோல் பெட்டி, கேட்டதும் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அதற்குள் உட்காரும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி 90 ரூபாய். உப்பைக் காயவைக்க நாற்றங்காலுக்கு வைத்திருந்த அகலமான பிளாஸ்டிக் தட்டுகள்.

சேரை விட்டுவிட்டு விகிதத்தை எடுத்துக்கொண்டேன். குடிநீர் ஒரு பங்கு, உப்பு இரண்டரை, வெளித்தண்ணீர் ஐந்து. அதாவது 500 மில்லி, 1.25 கிலோ, 2.5 லிட்டர்.

தொடக்கத்தில் தெர்மாகோல் பெட்டி இல்லை. எவர்சில்வர் வாளியில் கரைத்து, குடிநீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி நடுவில் நிறுத்தி, சுற்றிலும் குச்சியால் கலக்கினேன். வாளித் தண்ணீர் வேகமாக 18-க்கு இறங்கியது. கால் மணி நேரம் கழித்துப் பாட்டிலைத் திறந்து தெர்மாமீட்டரைவிட்டால் 25. இதற்குள் வாளி 20-ஐத் தாண்டி ஏறத் தொடங்கிவிட்டது. வாளியின் வெளிப்புறத்தில் வியர்வை முத்துமுத்தாகக் கோத்து, தரையில் வளையமாகத் தேங்கியிருந்தது. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும்போது தன் வெப்பத்தை வாளிக்குத் தந்துவிட்டுத்தான் படிகிறது. பாட்டிலுக்குப் போக வேண்டிய குளிர்ச்சியில் ஒரு பகுதி அந்த வளையத்துக்குப் போயிருக்கிறது.

ஆகவே வாளியைப் பிளாஸ்டிக்காக மாற்றித் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தேன். இடைவெளியில் உடைந்த தெர்மாகோல் துண்டுகள். துணி திணிக்க வேண்டாம். வெடியுப்புக் கரைசல் ஊறிக் காய்ந்த துணி ஒரு பொறி பட்டாலே சீறி எரியும், வெடித்திரி செய்வது அப்படித்தான். துடைத்த துணியை உடனே அலசிவிட வேண்டும்.

பாட்டிலுக்குப் பதிலாகப் பரணில் கிடந்த எவர்சில்வர் கூஜா இறங்கிவந்தது. முன்பெல்லாம் ரயில் பயணத்துக்கு எடுத்துப்போவார்களே, திருகுமூடியும் வளைந்த கைப்பிடியும் உள்ள ஒரு லிட்டர் கூஜா. தகடு மெல்லியது, வயிறு அகலம், கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றுவதும் எளிது. ஆனால் அதன் மூடி நீர் கசியாததா என்று பார்க்காமல் உப்புத் தண்ணீரில் இறக்கக்கூடாது. வாளியில் வெறும் தண்ணீர் ஊற்றி, நீல மை கலந்து, கூஜாவைத் தலை மூழ்கச் சுழற்றினேன். உள்ளே நீலம் எட்டிப்பார்த்தது. மூடியின் மரைக்குள் பிரஷர் குக்கரின் பழைய கேஸ்கட்டிலிருந்து வளையமாக வெட்டிய ரப்பரை இட்டு, மறுபடி மை சோதனை செய்து, தெளிவாக வந்த பிறகே முன்னேறினேன். அதன் பிறகும் கழுத்து எப்போதும் கரைசலுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. இந்தக் குளிர் கரைசலின் ஒரு மில்லியில் மட்டும் ஏறத்தாழ 145 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது. கணக்குப் போட்டால், மூன்று சொட்டு உள்ளே கசிந்தாலே அரை லிட்டர் நீர் வரம்பைத் தொட்டுவிடும். அதோடு, வயலுக்கு விற்கும் உரத்தில் வேறென்ன கலந்திருக்கும் என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இப்படிக் குளிர்வித்த நீரைக் குடிக்கவே பயன்படுத்த வேண்டாம் என்பேன்.

கூஜாவை நடுவில் அசையாமல் வைத்துக் குச்சியால் கலக்கியபோது அது 21 டிகிரியோடு நின்றது. பழைய குறிப்பில் கூஜாவையே சுழற்றச் சொல்லியிருப்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. கரையாத உப்பு அடியில் மணல்போல் படுத்துக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த கரைசலும் அதன் மேலேயே தேங்குகிறது. கூஜாவின் அடிப்பாகம் அந்த உப்பைத் தொட்டு உரசும்படி, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் உப்பு கிளம்பி நீரில் பறக்கிறது. கூஜாவுக்குள் இருக்கும் நீரும் சுழல்கிறது. உலோகத்தின் இரு பக்கமும் நீர் நகர்வதால் வெப்பம் விரைவாகக் கைமாறுகிறது. கரகரவென்ற சத்தம் தகட்டில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் சரியாகச் சுழற்றுகிறோம் என்பதற்கு அடையாளம். இப்படிச் செய்தபோது முதல் ஐந்து நிமிடத்தில் கரைசல் 16-க்கு வந்து, கூஜாவின் வெப்பத்தை வாங்கி மெல்ல 17-க்கு ஏறியது. இருபது நிமிட முடிவில் கூஜாவுக்குள் 18.

அடுத்து என்னைக் குடைந்தது உப்பின் அளவு. இருபது நிமிடம் சுழற்றிய பிறகும் அடியில் கிட்டத்தட்டப் பாதி உப்பு அப்படியே கிடந்தது. வீண்தானே என்று 625 கிராமுடன் செய்து பார்த்தேன். கூஜா 19-க்கு வந்தது. பாதி உப்பில் ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். சிக்கனமான வழி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவ்வப்போது அளந்தபோது படம் மாறியது. பாதி உப்பு போட்டது இரண்டு மணி நேரத்துக்குள் 25-ஐத் தொட்டது. முழு அளவு போட்டதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது.

காரணம் கரைதிறன். 100 கிராம் தண்ணீர் 30 டிகிரியில் 46 கிராம் வெடியுப்பைக் கரைக்கும். 20 டிகிரியில் 32 கிராம்தான், 10 டிகிரியில் வெறும் 21. உப்பு கரையக் கரையத் தண்ணீர் குளிர்கிறது, குளிரக் குளிர அது உப்பை ஏற்க மறுக்கிறது. ஆகவே எவ்வளவு கொட்டினாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். சொட்டுநீர் டிரம்மின் அடியில் உப்பு தங்குவதும் இதனால்தான். அங்கே இன்னும் கலக்குவதை விட, வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுவைப்பது மேல். கூஜாவுக்கோ அந்த மீதி உப்புதான் சேமிப்பு. வெளிவெப்பம் உள்ளே நுழைந்து கரைசல் ஒரு டிகிரி ஏறினால் இன்னும் கொஞ்சம் உப்பு கரைகிறது, கரைந்து அந்த வெப்பத்தை விழுங்குகிறது.

இப்போது அந்தப் பழைய விகிதத்தைத் திரும்பிப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டரை, அதாவது நூற்றுக்கு ஐம்பது. 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் வெடியுப்பு முழுதாகக் கரையும் வெப்பநிலை 32 அல்லது 33 டிகிரி. கோடையில் நிழலில் வைத்த தண்ணீரின் சூடு அதுவேதான். கரைசல் மறுபடி அறைச் சூட்டுக்குத் திரும்பும் வேளையில்தான் கடைசிக் குருணை கரைகிறது. அதற்குக் குறைத்தால் குளிர்ச்சி சீக்கிரம் தீரும், கூட்டினால் கூடுதல் உப்பு கடைசிவரை கரையாமலேயே கிடக்கும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அரண்மனைக் குடிநீர்ப் பிரிவில் நின்றவர்கள் கையாலும் நாவாலும் இந்த அளவைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெயர் தெரியாத அந்த வேலைக்காரர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை வந்துவிட்டது.

இனி உப்பை மீட்பது. இது இல்லாவிட்டால் ஒரு கூஜாவுக்கு 240 ரூபாய் கரைந்துபோகும். மாலையில் எல்லா உப்பும் கரைந்த கரைசலை மொட்டைமாடியில் தட்டுகளில் விரல்கடை ஆழத்துக்கு ஊற்றி, எறும்பும் தூசியும் விழாமல் கொசுவலை போர்த்திவிட்டேன். மறுநாள் பகலில் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. நண்பகலில் தட்டு சுடும், உப்பு எதுவும் கண்ணில் படாது. வெயில் தாழ்ந்ததும் தட்டருகே உட்கார்ந்திருந்தால் படிகம் பிறப்பதைப் பார்க்கலாம். விளிம்பில் ஒரு கீறல்போல் தோன்றும். சற்று நேரத்தில் அது விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஊசியாக நீண்டிருக்கும். அதன் பக்கத்திலிருந்து இன்னொன்று. இருட்டுவதற்குள் தட்டின் அடிமுழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஊசிகள் பின்னிவிடும்.

ஊசிகளை வடித்தெடுத்தபின் எஞ்சும் நீரை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே மறுபடி உப்பைக் கரைத்துக் குளிர்விக்க முயன்றேன். குளிரவே இல்லை. அந்த நீர் ஏற்கெனவே கொள்ளும் மட்டும் குடித்திருக்கிறது, புதிதாக ஏற்க அதில் இடமில்லை. முழுவதையும் வற்றவைத்தாக வேண்டும். அதேபோல் ஈரம் போகாத உப்பும் பயன்படாது, ஈரத்தில் கரைந்திருக்கும் பங்கு குளிர்ச்சி தராது. கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர வேண்டும்.

காய்ந்த ஊசிகளை அப்படியே போட்டபோது கூஜா 20-ஓடு நின்றது. படிகம் பெரிதானால் கரைவது மெதுவாகிறது, அதற்குள் வெளிவெப்பம் புகுந்துவிடுகிறது. மரச்சுத்தியால் தட்டி ரவை அளவுக்கு உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்துப் போட்டதும் மறுபடி 18. சல்லடையும் சுத்தியும் இதற்கென்றே தனி, சமையலறைக்குள் திரும்பிப் போகக்கூடாது. அம்மிக்கும் மிக்ஸிக்கும் இந்த உப்பைக் காட்டவே வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றிலும் தட்டிலும் வாளியிலும் ஒட்டிப்போவது 40, 50 கிராம். எட்டொன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சில சுற்றுக்குப் பிறகு உப்பு மங்கலாகி, நுனியில் சுண்ணாம்பு படிந்ததுபோல் ஆனது. ஆழ்குழாய் நீரின் கடினம் அது. நீர் வற்றினாலும் அதிலிருந்த உப்புகள் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த மழையில் பிடித்துவைக்கும் நீரில்தான் இனி கரைக்கப் போகிறேன். மங்கிய உப்பு வீணல்ல. லிட்டருக்கு ஐந்து கிராம் கலந்து மாடித்தோட்டத்து மிளகாய்க்கும் தக்காளிக்கும் இலைமேல் தெளித்துவிட்டேன். சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்ட வேண்டாம்.

மின்சாரக் கணக்கில் பார்த்தால், அரை லிட்டரை 13 டிகிரி இறக்க எடுக்க வேண்டிய வெப்பம் 27 கிலோஜூல்தான். வீட்டு ஃபிரிட்ஜ் இதைச் சில பைசாவில் முடித்துவிடும். எனவே தினப்படிக்கு இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மண்பானையே போதும், வறண்ட காற்றில் அது காசில்லாமல் 27 டிகிரி தருகிறது. கரண்ட் இல்லாத இடத்தில் ஒரு மருந்துப் புட்டியையோ சுளுக்கிய கணுக்காலையோ மூன்று மணி நேரம் குளிர்ச்சியாக வைக்க வேண்டுமானால் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப்போகலாம். கெட்டுப்போகாத குளிர்ச்சி அது, தண்ணீர் பட்டால்தான் விழிக்கும்.

மண்பானையையும் இதில் சேர்த்துப் பார்த்தேன். வெளித்தண்ணீர், குடிநீர் இரண்டையும் பானையிலிருந்து 27 டிகிரியில் எடுத்துத் தொடங்கினால் கூஜா 15.5 வரை இறங்கியது. தொடக்கத்தில் நான்கு டிகிரி மிச்சம் பிடித்தும் முடிவில் கிடைத்தது இரண்டரைதான். குளிர்ந்த நீர் குறைவாகவே உப்பை ஏற்கும் என்ற அதே விதி இங்கும் குறுக்கே நிற்கிறது. அடுத்த முறை ஒரே பெரிய கூஜாவுக்குப் பதிலாகக் கால் லிட்டர் கூஜாக்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கப் போகிறேன். முதலாவது வெளியே வந்ததும், அடியில் மிச்சமிருக்கும் உப்பு இரண்டாவதற்கு. வாளியும் இன்னும் குறுகலாக, கூஜாவைச் சுற்றி மூன்று விரல்கடை இடம் மட்டும் இருக்கும்படி தேடிக்கொண்டிருக்கிறேன். இடம் குறைந்தால் உப்பு பக்கவாட்டில் ஒதுங்காமல் தகட்டோடு உரசும், சுழற்றும் நேரம் கால் மணிக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.